எடையும் மதிப்பும்

நுழையும்முன்

வீட்டுப் பரணில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் பழைய விளையாட்டுக் கருவி ஒன்றின் விலை என்ன? காயலான் கடைத் தராசு ஒரு விடையைத் தருகிறது. கடல்கடந்த ஏலக்கூடம் வேறொரு விடையைத் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, குறைந்த பொருள்வளம் உடைய ஒருவர் பழைய காணொளி விளையாட்டுகளை வாங்கியும் விற்றும் சேகரித்தும் வருவதன் பயன் யாது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

போகிக்கு முந்திய நாள்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் தாமல். பண்டைத் தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் தாமல் கோட்டம் என வழங்கியது. பரந்த ஏரியும் பழமையான கோயில்களும் இவ்வூரின் அடையாளங்கள். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் தொழிலும் பண்பாடும் சுற்றியுள்ள இத்தகைய ஊர்களின் வாழ்விலும் கலந்துள்ளன.

மார்கழி முடிவில் பொங்கல் நெருங்கும்போது இவ்வட்டாரத் தெருக்களில் இரண்டு குரல்களைக் கேட்கலாம். பழைய இரும்பு, பித்தளை, நெகிழிப் பொருள்களை வாங்கிக்கொள்வதாகக் கூவுவது ஒரு குரல். பழைய பட்டுப்புடவை, வெள்ளிச்சரிகை ஆகியவற்றை வாங்கிக்கொள்வதாக அழைப்பது மற்றொரு குரல். முன்பு பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்கள் இன்று பணமே தருகிறார்கள். பொருள்கள் வேறாயினும் இருவரும் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: எடை எவ்வளவு?

போகிக்காகப் பரணைத் துப்புரவு செய்யும் குடும்பத்தின் கையில் அப்போது என்னென்னவோ அகப்படுகின்றன. காதறுந்த பித்தளை அண்டா, ஓடாத மின்விசிறி, நாடா சிக்கிய ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றோடு, சில வீடுகளில், மங்கிய நிறத்தில் ஒரு சிறு கருவியும் அதனுடன் கட்டி வைத்த நான்கைந்து ‘கேசட்’டுகளும் கிடைக்கின்றன. அவ்வீட்டுத் தந்தை பள்ளியில் படித்த காலத்தில் விளையாடிய ‘டிவி கேம்’ அது. அதைக் கையில் எடுத்தவர் சில நொடிகள் தயங்குகிறார்; பின்னர் சாக்குப்பையில் போடுகிறார். அந்தச் சில நொடித் தயக்கம் ஆராயத்தக்கது. தூக்கி எறியப்படுவது வெறும் நெகிழியன்று என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். அதைக் காப்பதற்குரிய காரணத்தைத்தான் அவரால் சொல்ல இயலவில்லை.

துளையிட்ட அட்டையும் கேசட்டும்

காணொளி விளையாட்டு நம் மண்ணுக்கு முற்றிலும் அயலானது என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. அதன் வேரைத் தேடிச் சென்றால் ஒரு தறியில் போய் நிற்க நேரிடும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, 1804ஆம் ஆண்டு, துளையிட்ட அட்டைகளின் வழியே தறியை இயக்கும் முறையை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் ஓர் இழை மேலெழும். துளை இல்லையெனில் எழாது. ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகளால் அன்னமும் மயிலும் மாங்காயும் துணியில் உருப்பெற்றன. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளின் மேல் இன்றும் ஜக்கார்டுப் பெட்டியும் அட்டைக் கோவையும் தொங்குவதைக் காணலாம்.

இதே துளை அட்டைக் கருத்தைத் தம் கணக்கிடும் பொறிக்குப் பயன்படுத்த எண்ணினார் இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ். ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விரைவுபடுத்தினார். பிற்காலக் கணினிகள் நெடுங்காலம் துளை அட்டையின் வழியாகவே கட்டளைகளைப் பெற்றன. விளையாட்டுக் கேசட்டின் உள்ளே இருக்கும் நினைவுச் சில்லும் அதே வேலையைச் செய்கிறது. அட்டை துளைகளால் சொன்னதைச் சில்லு மின்குறிகளால் சொல்கிறது. அட்டைக் கோவையை மாற்றினால் தறியில் வேறு கோலம் பிறப்பதைப் போலக் கேசட்டை மாற்றினால் திரையில் வேறு ஆட்டம் பிறக்கிறது. அட்டை தொலைந்தால் கோலமும் தொலையும் என்பதை நெசவாளர் நன்கு அறிவர். கேசட் தொலைந்தால் ஆட்டத்திற்கும் அந்நிலையே நேரும்.

தமிழக இல்லங்களில் ‘டிவி கேம்’

1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் அடாரி நிறுவனம் ‘பாங்’ என்னும் மேசைப்பந்து போன்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1983ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985ஆம் ஆண்டு அக்கருவிக்கென வெளிவந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ உலகெங்கும் பரவியது. இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்கு அவை பெரும்பாலும் நேரடியாக வந்து சேரவில்லை. 1990களில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் விற்பனையான கருவிகளே இங்குப் புகழ்பெற்றன. பெயர்கள் பலவாக இருந்தபோதும், இங்குப் பரவிய கருவிகளுள் பெரும்பாலானவற்றின் உள்ளமைப்பு அந்த 1983ஆம் ஆண்டு ஜப்பானியக் கருவியைத் தழுவியதே.

கருவி வாங்க இயலாதவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து விளையாடும் கடைகள் நகரங்களில் இருந்தன. கோடை விடுமுறையில் தெருவுக்கு ஒரு வீட்டில் கருவி இருந்தால் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அதுவே விளையாட்டுக்களம். இரண்டு ஜாய்ஸ்டிக்குகளுக்குப் பத்துப் பேர் காத்திருந்தனர். ஓர் உயிர் போனால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட சட்டம். பகிர்தலையும் காத்திருத்தலையும் தோல்வியை ஏற்றலையும் அக்கருவி கற்றுக்கொடுத்தது.

சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969ஆம் ஆண்டு உருவான பர்மா பஜார், அயல்நாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, உதிரி உறுப்புகளுக்கும் பழுதுநீக்கத்திற்கும் உரிய இடமாக விளங்கிவருகிறது. ஒரு சிறு தடையி எரிந்துபோனாலும் கருவியை எறிந்துவிடாமல், அந்த உறுப்பை மட்டும் மாற்றி உயிர்ப்பிக்கும் கைத்திறன் இத்தகைய கடைத்தெருக்களில் வளர்ந்தது.

இங்கு வேறொரு செய்தியையும் நினைவுகூர வேண்டும். 2006ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இல்லங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் சிற்றூர்கள் வரை சென்று சேர்ந்தன. தட்டைத் திரைகள் வந்தபின் அவை பரணுக்கும் பின்னர்க் காயலான் கடைக்கும் சென்றன. பழைய விளையாட்டுக் கருவிகளுக்கு மிகப் பொருத்தமான திரையோ அத்தகைய படக்குழாய்த் தொலைக்காட்சியே. துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்தைச் சுடும் ஆட்டம், படக்குழாய்த் திரையில் மட்டுமே சரியாக இயங்கும். ஒளி தோன்றும் கணத்தைக் கொண்டே அத்துப்பாக்கி குறியை அறிகிறது. தட்டைத் திரைகளில் ஏற்படும் சிறு காலத்தாழ்வு அதைக் குழப்பிவிடும். ஆக, மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள் தமிழகத்துச் சிற்றூர்களில் எடைக்கு விற்கப்பட்டு வருகிறது.

இருவகை அழிவு

பழைய விளையாட்டுப் பொருள்கள் இரண்டு வகையில் அழிகின்றன. முதல் வகை எல்லாருக்கும் தெரிந்தது, அது உருக்குதல். பட்டுப்புடவையின் சரிகையில் வெள்ளி இருப்பதால் பழைய புடவை எரிக்கப்பட்டு வெள்ளி பிரித்தெடுக்கப்படுகிறது. கேசட்டின் தொடுமுனைகளில் மெல்லிய பொன்பூச்சும் மின்சுற்றுப் பலகையில் செம்பும் இருப்பதால் அதுவும் உடைக்கப்படுகிறது. இரண்டிலும் உலோகம் மீள்கிறது. கோலமும் ஆட்டமும் மீள்வதில்லை. கம்பிகளை எரித்துச் செம்பெடுக்கும் புகையும், படக்குழாய்க் கண்ணாடியில் உள்ள காரீயமும் நிலத்தையும் உடலையும் கெடுப்பது தனித் துன்பம்.

இரண்டாவது வகை அழிவு, பாதுகாப்புப் போலத் தோற்றம் அளிப்பது. 2021ஆம் ஆண்டு ஜூலையில், உறை பிரிக்கப்படாத ‘சூப்பர் மேரியோ 64’ கேசட் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்பனையானது. அன்றைய மதிப்பில் அது 11 கோடி ரூபாய்க்கும் மேல். கோடிக்கணக்கானோர் விளையாடுவதற்காக உருவாக்கப்பட்ட ஒன்று, ஒருவராலும் விளையாடப்படவில்லை என்னும் காரணத்தாலேயே அவ்விலையைப் பெற்றது. அதை வாங்கியவரும் பிரித்து விளையாடமாட்டார். பிரித்தால் விலை வீழ்ந்துவிடும். செய்தி பரவியதும் மலிவாகக் கிடைத்த பழைய கேசட்டுகளுக்கும் பலர் மனம்போன விலை கூறத் தொடங்கினர். விளையாட விரும்பும் எளியவருக்கு அவை எட்டாமல் போயின.

காஞ்சிபுரத்து இல்லங்களில் பட்டுப்புடவையைக் காக்கும் முறை இங்கு எண்ணத்தக்கது. பெட்டிக்குள் வைத்த புடவையை அவ்வப்போது எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைப்பர். ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்த பட்டு, அம்மடிப்பிலேயே இற்றுப்போகும். விளையாட்டுக் கருவிகளும் அத்தன்மையவே. ஆட்ட நிலையைச் சேமிக்கும் கேசட்டுகளில் உள்ள சிறு மின்கலம் காலப்போக்கில் வலுவிழக்கும். சில வேளை கசிந்து சுற்றுப்பலகையை அரிக்கும். மின்தேக்கிகள் கெடும், தொடுமுனைகளில் களிம்பு படரும். உறை பிரிக்காமல் வைப்பதால் இம்மாற்றங்கள் நின்றுவிடுவதில்லை. எவர் கண்ணிலும் படாமல் நிகழ்கின்றன. எடுத்துத் துடைத்து, இயக்கிப் பார்த்து, பழுது நீக்கி வைப்பவரே உண்மையில் காப்பவர் ஆவார்.

உடைமையும் உரிமமும்

பழைய விளையாட்டுகளைக் காப்பதன் தேவையை இன்றைய விளையாட்டுச் சந்தை மேலும் கூர்மையாக்குகிறது. கேசட்டை வாங்கியவர் அதற்கு உரிமையாளர். அவர் அதை நண்பருக்கு இரவல் தரலாம், வேண்டாதபோது விற்கலாம், தம் பிள்ளைக்கு விட்டுச்செல்லலாம். இன்று இணைய அங்காடியில் பணம் செலுத்திப் பெறும் விளையாட்டு, பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதை இரவல் தரவும் விற்கவும் பொதுவாக வழி இல்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று நிண்டெண்டோ தன் பழைய இரு கருவிகளுக்கான இணைய விற்பனையை நிறுத்தியது. அந்த அங்காடியில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக ஒருவர் விலைகொடுத்து வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை, மென்பொருள் பாதுகாப்பு வலையமைப்புடன் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. ஆக்கியவர்களே கைவிட்ட அந்த 87 விழுக்காட்டைக் கண்ணால் காண விரும்புவோருக்கு, யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்த பழைய கேசட்டே பெருந்துணை.

எனவே பழைய பொருளை வாங்குதலும் விற்றலும் வெறும் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடுவதில்லை. ஒரு பொருள் கைமாறும் வரை அது வாழ்கிறது. கைமாற்றும் உரிமையைப் பயன்படுத்துவோர் இருக்கும் வரையே அவ்வுரிமைக்கும் மதிப்பு உண்டு.

எளியோர் சேகரிக்கும் முறை

சேகரிப்பு, செல்வர்களுக்கே உரியது என்னும் எண்ணம் பிழையானது. மாதம் 200 ரூபாய் ஒதுக்கக்கூடிய ஒருவர் ஓராண்டில் 2,400 ரூபாய்க்குள் நிறைவான தொடக்கத்தைக் காண இயலும். அதற்குச் சில நெறிகள் தேவை.

முதல் நெறி, எல்லை வகுத்தல். எல்லாவற்றையும் சேர்க்க முனைபவர் எதையும் நிறைவாகச் சேர்ப்பதில்லை. ஒரே ஒரு வகைக் கருவி, அதற்குரிய பத்து ஆட்டங்கள் என்று குறித்துக்கொள்ளலாம். தாம் உண்மையில் விளையாடக்கூடியதை மட்டும் வாங்குவது என்னும் உறுதி, பணத்தையும் இடத்தையும் காக்கும்.

இரண்டாம் நெறி, அருகிலிருந்து தொடங்குதல். முதலில் தம் வீட்டுப் பரண், பின்னர் உறவினர் வீடு, அதன்பின் ஊரிலுள்ள காயலான் கடை என்று தேட வேண்டும். போகிக்கு முந்திய வாரமே இத்தேடலுக்கு ஏற்ற காலம். தொலைவில் உள்ளவரிடம் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புவதைக் கடைசி வழியாகக் கொள்ளல் நன்று.

மூன்றாம் நெறி, ஆய்ந்து வாங்குதல். கேசட்டின் அடியில் உள்ள தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு படர்ந்துள்ளதா, சுற்றுப்பலகை கீறியுள்ளதா எனக் காண வேண்டும். வெண்ணிற நெகிழி மஞ்சளாகியிருப்பது பழுதன்று. தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்களும் புற ஊதாக் கதிர்களும் சேர்ந்து செய்த மாற்றம் அது. அதைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். 9,999 ஆட்டங்கள் அடங்கியது என்று அச்சிட்ட கேசட்டுகளைப் பெரும்பாலும் நம்புதல் கூடாது. ஒரு சில ஆட்டங்களே சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரிசைப்படுத்தப்பட்டிருக்கும்.

நான்காம் நெறி, பழுதானதை வாங்கிச் சீர்செய்தல். இயங்காத கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் குறை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். கேசட் இயங்காதபோது வாயால் ஊதுவது அனைவருக்கும் பழகிய வழக்கம். மூச்சில் உள்ள ஈரம் தொடுமுனைகளை மேலும் அரிக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மெல்லத் துடைத்து உலரவிட்டால் பல கேசட்டுகள் உயிர்பெறும். அடாப்டரின் மின்னழுத்தமும் நேர், எதிர் முனைகளும் கருவிக்கு ஒத்தவையா என்று பார்த்த பின்னரே இணைக்க வேண்டும். படக்குழாய்த் தொலைக்காட்சியை மட்டும் மாணவர் தாமே திறத்தல் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்; அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

ஐந்தாம் நெறி, கூடிச் சேகரித்தல். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து தொழிலை நடத்திக் காட்டியவர்கள். அவர்களைப் போல ஐந்து நண்பர்கள் ஆளுக்கு ஒரு கேசட் வாங்கித் தமக்குள் மாற்றிக்கொண்டால், ஒரு கேசட்டின் விலையில் ஐந்து ஆட்டங்கள் கிடைக்கும். இவற்றோடு, ஒவ்வொரு பொருளும் எப்போது, எங்கே, என்ன விலைக்குக் கிடைத்தது, என்ன பழுது நீக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். குறிப்பு இல்லாத சேகரிப்பு, சில ஆண்டுகளில் மீண்டும் குப்பையாகிவிடும்.

விற்பவர் அறம்

ஒரே கேசட் இரண்டு சேர்ந்துவிட்டால் ஒன்றை விற்று, அப்பணத்தில் அடுத்ததை வாங்குவது எளியோர் சேகரிப்பின் இயல்பு. ஆகவே சேகரிப்பாளர் விற்பவராகவும் ஆகிறார். அங்கு அவருக்குச் சில கடமைகள் உண்டு. பழுதை மறைத்து விற்றல் கூடாது. அக்காலத்தில் இங்கு விற்பனையான கேசட்டுகளுள் பெரும்பகுதி, உரியவரின் உரிமம் பெறாத படிகள். அவற்றைக் கால நினைவாக வைத்திருக்கலாம். மூலப்பதிப்பு என்று சொல்லி விலை உயர்த்துவது ஏமாற்று. பதிப்புரிமை உடைய ஆட்டங்களை இன்று புதிதாகப் படியெடுத்து விற்பது சட்டப்படியும் குற்றம்.

இவற்றினும் கடினமான அறவினா ஒன்று உண்டு. தாம் வைத்திருப்பதன் மதிப்பை அறியாத முதியவர் ஒருவர், அரிய கருவி ஒன்றை ஐம்பது ரூபாய்க்குத் தர முன்வருகிறார். அது ஆயிரக்கணக்கில் விலைபோகும் என்பதை வாங்குபவர் அறிவார். பேசாமல் வாங்கிக்கொள்வது திறமையா, வஞ்சனையா? விலையை அறிந்திருப்பது தேடிப் பெற்ற அறிவு. அதற்கு ஊதியம் உண்டு என்பர் சிலர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சரிகையின் வெள்ளி அளவை அறியாத பெண்ணிடம் புடவையை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் செல்பவரை ஊர் மன்னிப்பதில்லை. அதே அளவுகோல் சேகரிப்பாளருக்கும் பொருந்தும். பொருளின் மதிப்பைச் சொல்லி, தம்மால் இயன்ற நேரிய விலையைக் கொடுத்து வாங்குபவரிடம் அம்முதியவர் தம் நினைவுகளையும் சேர்த்துத் தருவார். அக்கருவியை யார் வாங்கித் தந்தார், எந்தப் பொங்கலுக்கு வந்தது, யார் யார் விளையாடினர் என்னும் செய்திகள் எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைக்காதவை.

மறுப்பும் விடையும்

விளையாட்டுக்கு அடிமையாகும் தலைமுறைக்கு மேலும் விளையாட்டா என்று பெற்றோர் கேட்பது முறையான கேள்வியே. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்ட தமிழ்நாடு, 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்தும் இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தியும் சட்டம் இயற்றியது. அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் பழைய கேசட், விளையாடுபவரிடம் மேலும் பணம் கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை, நள்ளிரவில் அறிவிப்பு அனுப்பி எழுப்புவதில்லை. கூடத்தில் எல்லாரும் காண விளையாடப்படும் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பழுதுநீக்கக் கற்கும் மாணவர் விளையாடும் நேரத்தினும் மிகுதியான நேரத்தை மின்சுற்றைப் புரிந்துகொள்வதில் செலவிடுவார். இவை அனைத்தும் அளவு என்னும் வேலிக்குள் நிகழ வேண்டும் என்பதில் ஐயமில்லை.

திறன்பேசியிலேயே அவ்வாட்டங்களை விளையாடலாமே என்பது மற்றொரு கேள்வி. உரிமையாளர் முறையாக மீள வெளியிட்டவற்றை அவ்வாறு விளையாடுவதில் தவறில்லை. ஆட்டத்தைக் காக்க அதுவும் ஒரு வழி. எனினும் சிலப்பதிகாரத்தை அச்சு நூலில் படிக்க இயலும் என்பதற்காக ஓலைச்சுவடியை எவரும் எறிந்துவிடுவதில்லை. எழுத்தாணியின் தடம் சுவடியில்தான் உண்டு.

பெயர்ப்பலகை எழுதியவரின் நூலகம்

சிறு பொருள்களைச் சேர்ப்பதால் சமூகத்திற்கு விளையும் பயனைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டுள்ளது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் கலையைப் பயின்றவர். அவர் பழைய நூல்களையும் இதழ்களையும் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டினார். பிறர் படித்துவிட்டு எறியும் நாடகத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவர் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 50,000. 1992ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அச்சேகரிப்பைக் கொண்டு 1994ஆம் ஆண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அன்று எவரும் பொருட்படுத்தாத துண்டறிக்கை இன்று நாடக வரலாற்றின் சான்றாக நிற்கிறது.

1990களில் தமிழ்ச் சிறுவர்கள் எதை விளையாடினர், எப்படி விளையாடினர் என்று ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் ஆராய வந்தால் அவருக்குக் கிடைக்கப்போவது என்ன? அரசு ஆவணங்களில் அதற்குப் பெரும்பாலும் விடை இராது. யாரோ ஒரு மாணவர் துடைத்து, இயக்கி, குறிப்பெழுதி வைத்த ஒரு கருவியும் ஐந்து கேசட்டுகளும் இருந்தால் அங்கிருந்து ஆய்வு தொடங்கும்.

தாமலின் தெருவில் அடுத்த போகிக்கும் அந்த இரு குரல்களும் வரும். தராசுக்காரர் மீது குற்றமில்லை. எடையைக் கேட்பது அவர் தொழில். சீர்செய்யவே இயலாத கருவிகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதும் தேவையான செயலே. ஆனால் சாக்குப்பையில் போடுவதற்கு முன் தயங்கிய அந்தக் கைக்கு இனி ஒரு காரணம் உண்டு. தொடுமுனைகளைத் துடைத்து, பழைய தொலைக்காட்சியுடன் இணைத்து, விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும். திரையில் ஒளி தோன்றி, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சிற்றிசை மீண்டும் ஒலிக்குமாயின், அப்பொருள் தராசுக்கு உரியதா என்பதைத் தந்தையும் பிள்ளையும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

தெரிந்து தெளிவோம்

1983ஆம் ஆண்டு அடாரி நிறுவனம் விற்பனையாகாத கேசட்டுகளை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைக்கிடங்கில் புதைத்தது. 2014ஆம் ஆண்டு அவ்விடம் தோண்டப்பட்டது. மீட்கப்பட்ட கேசட்டுகளுள் ஒன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத் தொகுப்பில் இடம்பெற்றது. குப்பை என்று கருதப்பட்டது, முப்பத்தோர் ஆண்டுகளில் வரலாற்றுச் சான்றாயிற்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதுக.

2. ‘பொருளின் மதிப்பை அறியாதவரிடம் குறைந்த விலைக்கு வாங்குவது முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பகுதியில் வழக்கொழிந்த விளையாட்டுகளின் பெயர்களையும் அவற்றுக்குரிய கருவிகளையும் தொகுத்து அட்டவணைப்படுத்துக.